ஒற்றைக் கொண்டை

மச்சினன் செருப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தபோதே கணக்கு வாத்தியார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகள். உள்ளே கீச்சுக்கீச்சென்று சத்தம். சங்கக் கூட்டத்துக்கு இதுவரை யாரும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை.

"இதக் கொஞ்சம் பாருங்க அத்தான்." மச்சினன் மூடியைத் திறந்து ஒரு மாதக் குஞ்சை வெளியே விட்டான். "இவன் தலைல என்ன முளைச்சிருக்குன்னு சொல்லுங்க. ரம்பத்தை முழுங்கிட்டானோன்னு சந்தேகமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் வகுப்பறை. சாவி அவரிடம் இருந்ததால் சாம்பல் கோழி வளர்ப்போர் சங்கம் அங்கேதான் கூடும். சங்கம் என்றால் நாலே பேர். வாத்தியார் தலைவர். பேக்கரிக்காரர், நர்ஸம்மா, பஸ் ஓட்டுகிற மச்சினன் ஆகிய மூவரும் உறுப்பினர்கள். மற்ற இருவரும் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

குஞ்சு மேசையின் விளிம்புவரை நடந்துபோய்த் தரையை எட்டிப் பார்த்தது. அதன் தலையில் மெல்லிய சிவப்புத் தகடு ஒன்று நிமிர்ந்து நின்றது. தகட்டின் மேல் விளிம்பு பல் பல்லாக இருந்தது.

சாம்பல் கோழிக்கு அப்படி இருக்கக் கூடாது. அதற்கு ரோஜாக் கொண்டை. தலையோடு ஒட்டி, அகலமாக, சிறு சிறு மணிகளாக எழும்பி, பின்பக்கம் ஒரே முள்ளாக முடியவேண்டும். ஈயத்தைத் தேய்த்த மாதிரி ஒரு நிறம், குட்டைக் கால், ரோஜாக் கொண்டை. மூன்றும் சேர்ந்தால்தான் அது சாம்பல் கோழி. இந்த நாலு வீட்டுக் கூண்டுகளைத் தவிர வேறெங்கும் அது மிச்சமில்லை. நாலு வீட்டுக் கோழிகளும் வாத்தியார் கொடுத்த முட்டையிலிருந்து வந்தவை. அடுத்த மாதம் கால்நடைத் துறையிலிருந்து மூன்று பேர் வந்து பார்த்து, தனி இனம் என்று பதிவு செய்யப்போகிறார்கள். அதற்காக வாத்தியார் தன் தலைமுடி நரைக்கும்வரை உழைத்திருந்தார்.

"ஒத்தைக் கொண்டை," என்றார் பேக்கரிக்காரர், வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அதான் நானும் கேக்கறேன்," என்றான் மச்சினன். "இது எல்லார் வீட்லயும் வருமா, எனக்கு மட்டும்தானா?"

நர்ஸம்மா குஞ்சைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

பதில் மற்ற மூவருக்கும் தெரிந்ததுதான். மச்சினன் சங்கத்தில் சேர்வதற்கு முன்னால், இதே கரும்பலகையில் வாத்தியாரே ஒருமுறை வரைந்து காட்டியிருக்கிறார். ஒவ்வொரு கோழியிடமும் கொண்டைக்கென்று இரண்டு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. அதில் ஒன்று ரோஜாவாக இருந்தால் போதும், தலையில் ரோஜாதான் முளைக்கும். இன்னொரு சீட்டில் ஒற்றை இருந்தாலும் வெளியே தெரியாது, பதுங்கிக் கிடக்கும். அப்படிப் பதுக்கி வைத்திருக்கும் சேவலும் பெட்டையும் சேர்ந்தால் நாலு குஞ்சில் ஒன்றுக்கு இரண்டு சீட்டும் ஒற்றையாக விழுந்துவிடும். அதற்கு வேலி தாண்டி யாரும் வரவேண்டியதில்லை.

வாத்தியாரின் கொல்லையில் ஒவ்வொரு முறை குஞ்சு பொரித்தபோதும் அது விழுந்துகொண்டுதான் இருந்தது. பொரித்த அன்றே பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். தலையில் அகலமாக இருந்தால் கூண்டுக்கு. கோடு மாதிரி இருந்தால் அட்டைப்பெட்டிக்கு. காலையில் வரும் காய்கறி வண்டிக்காரர் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு போவார். எங்கே கொண்டுபோகிறார் என்று வாத்தியார் கேட்டதில்லை. வாசல்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பவள் அவர் மனைவி.

"எங்க வீட்ல வந்ததே இல்ல," என்றார் வாத்தியார்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கு உறைத்தது. வகுப்பில் விடையைச் சொல்லும் அதே குரல்.

"எனக்கும் இல்ல," என்றார் பேக்கரிக்காரர் உடனே.

நர்ஸம்மா தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்றும் சொல்லலாம், ஆமாம் என்றும் சொல்லலாம், அப்படி ஒரு ஆட்டல்.

"அப்ப எப்படி?" மச்சினன் தலையைச் சொறிந்தான். "பக்கத்து வீட்ல கோழியே கிடையாதே. தெருமுனைல ஒரு மெக்கானிக்கு ஒரு சேவல் வெச்சிருக்கான். அது ஒரு ரவுடி. மதில் மேல நின்னு எங்க வீட்டையே பாத்துட்டு இருக்கும்."

"அதான்," என்றார் பேக்கரிக்காரர். "அதேதான். வேலி தாண்டியிருக்கு."

"அப்ப என் கோழியெல்லாம் கலப்பா?"

வாத்தியார் மேசைமேல் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்ஸம்மா தொண்டையைச் செருமினாள். "ஆபீசருங்க வர்ற நேரத்துல இப்படி ஒண்ணு வெளிய தெரிஞ்சா, நாலு பேர் கோழியையும் சேத்து ஒதுக்கிடுவாங்க."

"அப்ப என்னை மட்டும் ஒதுக்கிடுங்க," என்றான் மச்சினன். சொல்லிவிட்டுச் சிரித்தான். "இதுல என்ன இருக்கு? என் வீட்டுக் கோளாறு உங்க தலைல ஏன் விடியணும்?"

சங்கத்தில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். பேக்கரிக்காரர் தூக்கினார். நர்ஸம்மா தூக்கினாள். வாத்தியாரும் தூக்கினார். மச்சினனும் தன் கையைத் தூக்கினான்.

"உனக்கு ஓட்டு கிடையாதுப்பா," என்றார் பேக்கரிக்காரர்.

"பரவால்ல, ஏகமனசா இருக்கட்டும்," என்றான் அவன். குஞ்சைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். வாசலில் திரும்பி, "வரேன் அத்தான்," என்றான்.

*

இரண்டு நாள் கழித்து மச்சினன் கைக்கு ஒரு பையோடு வாத்தியார் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, ஃப்ரிட்ஜ்ல இடம் இருக்கா? இல்லேன்னா உன் வீட்டுக்காரர் மூளைய எடுத்து வெளிய வெச்சுட்டு இத வை."

பைகளில் உரித்த கோழிகள் இருந்தன. வாத்தியாரின் மனைவி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். குட்டைக் கால். பையைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா?" என்றார் வாத்தியார்.

"எல்லாத்தையும்தான். வெச்சிருந்தா நாளைக்கு யாராவது முட்டை கேப்பான், நான் வாய் தவறிக் குடுத்துருவேன். கலப்பு ஊரெல்லாம் பரவும். அப்புறம் உங்க பேரு என்னத்துக்கு ஆகும்? அதான் நானே முடிச்சுட்டேன்." மச்சினன் குழாயடியில் கையைக் கழுவினான். கழுவிய கையையே மறுபடி கழுவினான். "பதினோரு உருப்படி. பழைய சேவலும் சேத்து. அவன் மட்டும் கத்தவே இல்ல அத்தான். என் கக்கத்துல தலைய வெச்சுட்டான்."

"அந்தக் குஞ்சு?"

"அதுக்கு என்ன கறி இருக்கு, விட்டுட்டேன். டிப்போல திரியுது."

அன்று மச்சினன் அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டான். மனைவி பரிமாறினாள். வாத்தியாரின் தட்டில் இரண்டு துண்டு வைத்தாள். அவர் போதும் என்று கையைக் காட்டியபிறகு மூன்றாவதையும் வைத்தாள்.

"சாப்பிடுங்க," என்றாள். "என் தம்பி வளத்தது."

அவர் சாப்பிட்டார். மச்சினன் பஸ்ஸில் ஏறிய ஒரு குடிகாரன் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கவேண்டிய இடங்களில் வாத்தியாரும் சிரித்தார். எலும்பைக்கூட நன்றாகச் சப்பித் துப்பினார். தட்டில் எதுவும் மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் வைத்தால் ஏன் என்று அவன் கேட்பான்.

அவன் போனபின் மனைவி தட்டுகளை எடுக்காமல் நின்றாள்.

"காய்கறி வண்டிக்குப் பெட்டி தூக்கிக் குடுத்தது நான். இந்தக் கைதான் தூக்கிச்சு. ஒத்தை வந்ததே இல்லன்னு சொன்னீங்களாமே?"

"பதிவு முடியட்டும்."

"முடிஞ்சா கோழி உயிரோட வந்துடுமா?"

"முடிஞ்சதும் அவன்கிட்ட சொல்லிடறேன். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

"நான் ஏன் திறக்கறேன்? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே," என்றாள்.

பதிவு முடிந்தது. வந்த மூன்று பேரும் கூண்டு கூண்டாகப் பார்த்தார்கள், கொண்டைகளைத் தொட்டுப் பார்த்தார்கள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருப்பதாகப் பாராட்டினார்கள். வாத்தியாரைச் சேவலோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் மச்சினன் மாலையோடு வந்தான். மாலையைப் போட்டவனிடம் எப்படிச் சொல்வது? இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

*

சொல்லாமல் இருந்ததற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யாக நிற்காது. இனிமேல் ஒற்றையே வராத கோழிகளை உண்டாக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வேலையை அவர் ஏற்கெனவே பாதி முடித்திருந்தார். கொல்லையின் கடைசிக் கூண்டில், சாக்குத் திரைக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் காட்டாமல் ஒற்றைக் கொண்டைப் பெட்டை ஒன்று வைத்திருந்தார். சோதனைக்கு. ஒரு சேவலை அதோடு விட்டுப் பார்ப்பார். பிறக்கும் குஞ்சுகளில் ஒன்றாவது ஒற்றையாக வந்தால் அந்தச் சேவலிடம் பதுங்கிய சீட்டு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சேவல் கறிக்குப் போகும். எத்தனை முறை அடை வைத்தாலும் ரோஜாவாகவே வந்தால் சேவல் சுத்தம். மூன்று சேவல்கள் அந்தச் சோதனையில் தேறின. ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பேக்கரிக்காரருக்கும் நர்ஸம்மாவுக்கும் கொடுத்தார். பழைய சேவல்களைத் தீர்த்துவிடச் சொன்னார். தீர்த்தார்கள். ஒற்றை போட்ட பெட்டைகளையும், சோதனை முடிந்ததும் அந்த ஒற்றைப் பெட்டையையும் அதன் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினார்.

சோதனையில் தேறிய சேவல்களுக்கு ஒவ்வொரு அடையிலும் நாலைந்து முட்டைக்கு மேல் பொரிக்கவே இல்லை. மிச்ச முட்டைகள் கூமுட்டையாகப் போயின. பொரித்தவற்றின் தலையை மட்டும்தான் அவர் பார்த்தார்.

அடுத்த பருவத்தில் பேக்கரிக்காரர் போன் செய்தார். "சார், என் இன்குபேட்டர்ல ஏதோ கோளாறு. ஒரு தட்டு முட்டையும் கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ள ஒரு நரம்புகூட ஓடல."

"சூடு சரியா இருக்கா பாருங்க."

"ரொட்டிக்கே சூடு பாக்கறவன் சார் நான்."

நர்ஸம்மாவும் அதையே சொன்னாள். வாத்தியார் தன் முட்டைகளை இருட்டறைக்கு எடுத்துப்போனார். அட்டையில் ஓட்டை போட்டு, பின்னால் டார்ச்சை வைத்து, ஒவ்வொரு முட்டையாக ஓட்டையில் பொருத்தினார். ஒரு வாரம் ஆன முட்டையில் சிலந்திபோல ஒரு சிவப்புப் பின்னல் தெரியவேண்டும். எதிலும் தெரியவில்லை. முட்டைக்குள் மஞ்சள் வெளிச்சம் மட்டும் நிரம்பியிருந்தது. தீவனத்தை மாற்றினார். வைட்டமின் கலந்தார். சேவல் நடை நன்றாகத்தான் இருந்தது. ஏறி மிதிக்கவும் செய்தது. முட்டைதான் ஏமாற்றியது.

கடைசியில் கோழி ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டரம்மாவின் எண்ணைப் பிடித்துப் பேசினார்.

"சேவல் ரெண்டு பக்கமும் ரோஜா வாங்கினதா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமாம்மா. சோதிச்சுப் பாத்தது. சுத்தம்." அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

"அதான் பிரச்சினை. சுத்த ரோஜாச் சேவலுக்கு விந்து பலவீனமா இருக்கும். பெட்டைக்கு அது இல்ல, சேவலுக்குத்தான். ஒரு ஒற்றை உள்ள மறைஞ்சிருந்தா நல்லா இருக்கும். அதனாலதான் ரோஜாக் கொண்டை இனம் எல்லாத்துலயும் ஒற்றை விடாம வந்துட்டே இருக்கும். வரலேன்னாதான் கவலைப்படணும். நீங்க வரவிடாமப் பண்ணிட்டீங்களா?"

அவர் டார்ச்சை அணைத்தார்.

"அதே ரத்தத்துல ஒற்றைக் கொண்டைச் சேவல் ஏதாவது இருந்தா உடனே பெட்டைங்களோட விடுங்க. சுத்தப் பெட்டைங்கதானே, பொறக்கறதெல்லாம் ரோஜாவாத்தான் இருக்கும், சேவலுக்குப் பலமும் வந்துடும். பெட்டைங்களுக்கு வயசு ஏறுறதுக்குள்ள பண்ணுங்க. வெளி ரத்தம் விட்டா இனம் போச்சு. இருக்கில்ல ஒண்ணு?"

"இருக்கு," என்றார்.

போனை வைத்துவிட்டு இருட்டறையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்று இருக்கிறது. அந்த ரத்தத்தில் ஒற்றைக் கொண்டைச் சேவல் உலகத்திலேயே அது ஒன்றுதான், டிப்போவில் திரிவது. மற்றதையெல்லாம் காய்கறி வண்டியில் ஏற்றியது அவர். ஒரு வீட்டுக் கோழி முழுதையும் தன் வயிற்றில் ஏற்றிக்கொண்டதும் அவர்.

*

டிப்போவில் பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. டயர்களை அடுக்கிய கோபுரத்தின் உச்சியில் அது நின்றது. ஈய நிறம், குட்டைக் கால், தலையில் ரத்தச் சிவப்பில் நிமிர்ந்த ரம்பம். ஒரு பஸ் கிளம்ப, அது கழுத்தை நீட்டிக் கூவியது.

"பாத்தீங்களா?" என்று எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான் மச்சினன். "பேரு கண்டக்டர். இவன் கூவாம ஒரு வண்டி கிளம்பாது. டைம் கீப்பர் இப்பல்லாம் சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறார். டீசல் வாசனைல வளந்தவன், மைலேஜ் பிரமாதம்."

வாத்தியார் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். உன் கோழிகளில் கலப்பு இல்லை. அவ்வளவுதான் வாக்கியம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"இவன் எனக்கு வேணும்," என்றார். "ஒரு சோதனைக்கு."

"எடுத்துட்டுப் போங்க அத்தான். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? போன் போட்டா பஸ்லயே ஏத்தி விட்டிருப்பேன்." மச்சினன் கையை நீட்டினான். சேவல் டயரிலிருந்து இறங்கி அவன் முன்கையில் ஏறி உட்கார்ந்தது. அவன் அதன் கொண்டையை விரலால் நீவிவிட்டான். "ஆனா ஒண்ணு. அறுத்துடாதீங்க. அப்புறம், உங்க கோழிங்க பக்கம் விட்டுடாதீங்க. கலப்புப் பய. நீங்க கஷ்டப்பட்டுச் சுத்தம் பண்ணதெல்லாம் கெட்டுடப்போகுது."

வாத்தியாரின் காது சூடேறியது. இப்போது சொல்லலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவன் முகத்தைப் பார்த்தார். சுத்தமான கவலை அதில் இருந்தது, அவருடைய கோழிகளுக்காக.

"பாத்துக்கறேன்," என்றார்.

மச்சினன் சேவலைக் கோணிப்பையில் தலை வெளியே தெரியும்படி கட்டிக்கொடுத்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொடுத்து, "சார் எங்க அத்தான், பாத்து இறக்கிவிடு," என்று அந்த வண்டி ஓட்டுநரிடம் சொன்னான். டிக்கெட் வாங்க விடவில்லை.

வீட்டில் மனைவி கோணிப்பையைப் பார்த்தாள்.

"சொல்லித்தானே வாங்கிட்டு வந்தீங்க?"

அவர் செருப்பைக் கழற்றினார். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை நேராக வைத்தார்.

"சொல்லல," என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "கோழியெல்லாம் அறுத்துக் குடுத்தான். இப்ப சேவலையும் குடுத்துட்டான். இன்னும் அவன்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? ஒரு பஸ் இருக்கு. அதையும் ஓட்டிட்டு வந்துடுங்க."

"சேவல விடலேன்னா இனமே போயிடும்."

"அப்ப விடுங்க. யார் தடுத்தா? குஞ்சு பொரிக்கும். ஆபீசருங்க வருவாங்க. மறுபடி மாலை போட அவனே வருவான்." அவள் சேவலைப் பையிலிருந்து விடுவித்து ஒரு கூடையால் கவிழ்த்தாள். "நீங்க சொல்லாம இது கூடையை விட்டு வெளிய வராது. நான் வெளிய விட மாட்டேன். அவன் என் தம்பிங்க."

இருபது வருடமாகக் கோழிகளைத் திறந்துவிடுவதும் அடைப்பதும் அவள். கூண்டுச் சாவியெல்லாம் அவள் இடுப்பில் இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வகுப்பறையில் கூடினார்கள். மச்சினனை வரவழைத்தவள் அவன் அக்கா. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், மடியில் அக்கா கூடையோடு கொடுத்த சேவல்.

"நான் இப்ப உறுப்பினர் இல்லியே, தரைல உக்காரணுமா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

வாத்தியார் சாக்பீஸை எடுத்தார். பழக்கத்தில் ஒரு கட்டம் போட்டார். கட்டத்துக்குள் எழுதப்போனவர் நின்றார். அதை எழுதினால் எழுதியதை விளக்கவேண்டும். விளக்கினால் அது பாடமாகிவிடும். சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்ல ஒத்தைக் கொண்டை வரும்," என்றார். "ஆரம்பத்துலேர்ந்தே வந்துட்டுதான் இருந்துச்சு. யாருக்கும் தெரியாம வெளிய அனுப்பிடுவேன். அன்னைக்கு வந்ததே இல்லன்னு பொய் சொன்னேன். இவன் கோழில கலப்பு ஒண்ணும் கிடையாது. அந்த மெக்கானிக் சேவலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது நான் குடுத்த முட்டைல இருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கைய தூக்கினேன்."

டாக்டரம்மா சொன்னதையும் சொன்னார். சுத்தம் செய்ததால் முட்டை பொரிக்காமல் போனதை, இந்த ஒரு சேவல்தான் வழி என்பதை. எல்லாம் சொல்லி முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

நர்ஸம்மாதான் முதலில் பேசினாள். "எனக்கும் வரும்."

பேக்கரிக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"மொத வருஷத்துலேர்ந்தே வரும்," என்றாள் அவள். "எங்க வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுவேன். நான்தான் ஏதோ தப்பா வளக்கறேன்னு நெனச்சேன். வாத்தியார் வீட்ல வரலேன்னா என்ன அர்த்தம்?"

"அட!" பேக்கரிக்காரர் பெஞ்சைத் தட்டினார். "நான் ராத்திரி ரொட்டி வண்டில வெச்சு ஊர் எல்லைல விட்டுட்டு வருவேன். என் சம்சாரத்துக்கே தெரியாது. ஆளுக்கொரு பெட்டி வெச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் கடத்தியிருக்கோம் பாருங்க!" அவர் சிரித்தார். பல நாள் அடக்கிய தும்மல்போல வெடித்தது. நர்ஸம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "நான் ஒருநாள் ஏழு குஞ்சு," என்று தொடங்கி முடிக்க முடியாமல் சிரித்தாள்.

வாத்தியாருக்கும் உதடு கோணியது. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்குவதுபோல இருந்தது. தான் மட்டும் இல்லை. எல்லாரும்தான்.

"அப்ப அன்னைக்கு," என்றான் மச்சினன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னைக்கு நான் கேட்டேன். எல்லார் வீட்லயும் வருமா, எனக்கு மட்டும்தானான்னு. இதே எடத்துல நின்னு கேட்டேன். மூணு பேருக்கும் தெரியும்."

பேக்கரிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது, அதான் கேட்டேன்," என்றான் மச்சினன். "தெரிஞ்சிருந்தா நானும் பெட்டிய மூடி வெச்சிருப்பேனோ என்னவோ. தெரியல." சேவலின் முதுகைத் தடவினான். "கழுத்தைத் திருகும்போது ஒவ்வொண்ணுகிட்டயும் மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டுதான் திருகினேன். உன் தப்பு இல்ல, வேலி உயரமா கட்டாதது என் தப்புன்னு."

வாத்தியார் பெஞ்சுகளின் நடுவே இரண்டடி போனார். அதற்கு மேல் கால் போகவில்லை.

"மொதல்ல அவனத் திரும்பச் சேப்போம்," என்றார் பேக்கரிக்காரர் அவசரமாக. கையைத் தூக்கினார். நர்ஸம்மாவும் தூக்கினாள்.

"கைய எறக்குங்க," என்றான் மச்சினன். "எனக்குக் கோழி இல்ல. எதுக்குச் சங்கம்?"

"முட்டை பொரிச்சதும் முதல் குஞ்சு எல்லாம் உனக்குத்தான்," என்றார் வாத்தியார்.

"வேண்டாம்."

அவன் எழுந்து வந்து சேவலை நர்ஸம்மாவின் கையில் கொடுத்தான். "உங்க வீட்டுக்கு முதல்ல கொண்டு போங்க. அப்புறம் பேக்கரி. வாத்தியார் வீட்டுக்குக் கடைசியா. இவனுக்குக் கூடைல அடைச்சா பிடிக்காது, திறந்து விடுங்க. எல்லாம் முடிஞ்சதும் டிப்போவுக்குக் கொண்டு வந்து விட்டுடணும். தர முடியாது, இரவல்தான்."

"சரி," என்றார் வாத்தியார்.

அவருடைய பெட்டைகள்தான் எல்லாவற்றிலும் மூத்தவை. கடைசியாக என்றால் அவற்றில் பாதி முட்டையை நிறுத்தியிருக்கும். அது மச்சினனுக்குத் தெரியுமா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமையும் இல்லை.

மச்சினன் வாசல்வரை போனான். நர்ஸம்மாவின் பிடியில் சேவல் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தது. அவன் சேவலைப் பார்க்கவில்லை.

"வரேன் சார்," என்றான்.

*

வீட்டுக்கு வந்தபோது மனைவி கூண்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

"அவன் என்ன சொன்னான்?"

வாத்தியார் படியில் உட்கார்ந்தார். ஈய நிறப் பெட்டைகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. எல்லாத் தலையிலும் ஒரே அச்சில் வார்த்த ரோஜா.

"போகும்போது என்னை சார்னு கூப்பிட்டான்," என்றார்.

அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளை அப்படியே நின்றது. அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. அத்தான் என்பதைத் தவிர அவரை அவன் வேறு எப்படியும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

ஏதாவது சொல்வாள் என்று வாத்தியார் காத்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை. அவள் மிச்சத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, தம்பிக்குப் போன் செய்ய உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.